கேரல்ஸ் பணத்தில் 42,000 குறைகிறது. பையனின் பெயரைச் சபையில் வாசிக்கலாமா?

அயனாவரம் டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் தோத்திரம். ஞாயிறு பள்ளியில் 23 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். வட சென்னையில் நடுத்தரமான சபை, 180 குடும்பம் இருக்கும். பெயர் இங்கே வேண்டாம். போன தேர்தலில் என்னையும் சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டியில் போட்டுவிட்டார்கள். பெண்கள் தரப்பில் ஆள் குறைகிறது என்று பிடித்துப் போட்டதுதான், ஓட்டுக் கேட்டு நான் யார் வீட்டுக்கும் போகவில்லை. வருகிற சனிக்கிழமை மாலை ஆறரைக்குக் கூட்டம். அதற்குள் எனக்கு ஒரு தெளிவு வேண்டும்.

டிசம்பரில் வாலிபர் ஐக்கியம் 11 இரவு வீடு வீடாகப் பாடிக் காணிக்கை வாங்கும் கேரல்ஸ் ரவுண்ட் போனது. அந்தக் காணிக்கையில் வழக்கமாக 26 விதவைத் தாய்மாருக்குப் புத்தாண்டு அரிசியும் சேலையும் கொடுப்போம், மிச்சத்தில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். ரசீதுப்படியும் ஜிபே கணக்குப்படியும் வந்தது 1,34,600. பேங்கில் கட்டியது 92,600. 42,000 காணோம்.

இதை எந்த ஆடிட்டரும் கண்டுபிடிக்கவில்லை. தொண்ணூறை நெருங்கும் ஓர் ஆச்சி கண்டுபிடித்தார். ஜனவரி முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, இந்த வருஷம் அரிசிப் பை இளைச்சுப்போச்சே, அதுக்கும் சுகர் வந்துடுச்சா?" என்று கேட்டார். வருடாவருடம் பத்து கிலோ. இந்த முறை ஐந்து. சேலையே இல்லை. விலைவாசி என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தோம்.

பணத்தை எடுத்தவன் வாலிபர் ஐக்கியப் பொருளாளர். 24 வயது. புரசைவாக்கத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடமாகக் கட்டில்தான். அம்மா பிளவுஸ் தைக்கிறார். கேரல்ஸ் ரவுண்டில் நீட்டிய க்யூஆர் அட்டை அவன் சொந்த நம்பருடையது. அதையும் நாங்கள்தான் "சரி, இப்போதைக்கு இருக்கட்டும்" என்று விட்டோம். ஆன்லைன் ரம்மியில் விட்டிருக்கிறான், அதை அடைக்கக் கடன் ஆப்களில் வாங்கியிருக்கிறான். 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு சட்டம் வந்து பணம் வைத்து ஆடும் ஆப்கள் மூடிவிட்டன. கடன் கொடுத்தவர்கள் மூடிக்கொண்டு போவார்களா?

அவன் என் மாணவன். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று வருடம் ஆடு, நாலாவது வருடம்தான் மேய்ப்பனாகப் பதவி உயர்வு. ஆடாக இருந்தபோதே வசனம் வேண்டும் என்று அடம்பிடித்து, மரியாள் பேசும்போது நடுவில் "மே" என்று கத்தியவன்.

கமிட்டியில் இப்போது இரண்டு கட்சி. ஒரு கட்சி, ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவிப்புகளோடு சேர்த்து அவன் பெயரை வாசிக்க வேண்டும், ஆறு மாதம் திருவிருந்து (ஆராதனையில் தரும் அப்பமும் ரசமும்) கிடையாது, பாடகர் குழுவான கொயரிலிருந்து நீக்கம் என்கிறது. வாசிக்கும் வேலை என் தலையில். டீச்சர் வாசித்தால் மரியாதையாக இருக்குமாம். இன்னொரு கட்சி, பெரியப்பா ஒருவர் பணத்தைக் கட்டிவிடுவார், கதவைச் சாத்திப் பேசி முடிப்போம், கிறிஸ்தவ அன்பு என்று ஒன்று இருக்கிறதே என்கிறது.

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் சபை மண்டப வாடகை அட்வான்ஸ் கணக்கில் ஒரு மூத்த கமிட்டி அங்கத்தினர் பெயர் அடிபட்டது. அது ஆயர் அறையான வெஸ்ட்ரிக்குள் சமோசாவும் காபியுமாக முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை யாரும் எதையும் வாசிக்கவில்லை. அவர்தான் இப்போது "ஒழுங்கு இல்லாத சபை உப்பில்லாத சபை" என்று முதல் ஆளாகப் பேசுகிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் அந்தப் பையன் என்னிடம் 5,000 ரூபாய் கைமாற்றுக் கேட்டான். அப்பா மருந்துக்கு என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே போன் நாலு முறை அடித்தது, நாலு முறையும் கட் பண்ணினான். எடுத்துக் கொடுத்துவிட்டேன். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மனம் புண்படுமே என்று நினைத்தேன். அன்றைக்கு நான் காட்டியது அன்புதானா என்று இப்போது ராத்திரி தூக்கம் வரவில்லை.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 18. அதற்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறார் செயலாளர். நான் கூட்டத்தில் என்ன பேசட்டும்?

---

ரசீது புத்தகம் (கொளத்தூர்):

டீச்சர், நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், எங்கள் சபையில் ஒன்பது வருடம் பொருளாளராக இருந்தவன். கொஞ்சம் கறாராகத்தான் சொல்வேன்.

உங்கள் இரண்டாவது கட்சி அன்பு அன்பு என்கிறதே, யாருடைய பணத்தில் அன்பு? 42,000 கமிட்டியின் பணம் இல்லை. 26 விதவைகளின் அரிசியும் சேலையும் அது. என் வீட்டில் திருடினால் நான் மன்னிக்கலாம். பக்கத்து வீட்டில் திருடியவனை நான் எப்படி மன்னிப்பேன்? பெரியப்பா கட்டிவிட்டால் பையன் என்ன கற்றுக்கொள்வான்? பெரியப்பா இருக்கிறார் என்று கற்றுக்கொள்வான்.

வேதத்திலும் இருக்கிறது. "மற்றவர்களுக்குப் பயமுண்டாகும்படி, பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்." 1 தீமோத்தேயு 5:20. வாசியுங்கள்.

கையோடு இதையும் செய்யுங்கள். இனி சொந்த நம்பரில் க்யூஆர் கூடாது, சபைக் கணக்கில் மட்டும். ரசீது புத்தகம் வரிசை எண்ணோடு. ஒவ்வொரு இரவும் வேன் திரும்பியதும் இரண்டு பேர் எண்ணி இரண்டு பேரும் கையெழுத்து, மறுநாளே பேங்க். 24 வயதுப் பையன் கையில் லட்ச ரூபாயைக் கொடுத்துவிட்டு எண்ணிப் பார்க்காமல் இருந்த கமிட்டிக்கும் இதில் பங்கு இருக்கிறது. அதையும் வாசிப்பதாக இருந்தால் சேர்த்து வாசியுங்கள்.

---

வேளச்சேரியிலிருந்து:

எல்லார் முன்பாகவும் வாசிப்பதைப் பற்றிச் சும்மா பேசுகிறவர்கள் அதை ஒரு முறை வீட்டுக்குள்ளிருந்து பார்க்க வேண்டும்.

என் அக்கா வேறு மதத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்தாள். 2006. நாங்கள் அப்போது இருந்த சபையில் அவளைக் கூப்பிட்டு முன் வரிசையில் நிற்க வைத்து, அவர்களே எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தை அவளை வாசிக்கச் சொன்னார்கள். மூன்று வரி. இரண்டாவது வரியில் அவள் குரல் நின்றுவிட்டது, மிச்சத்தை ஒருவர் வாங்கி மைக்கில் வாசித்தார். அன்றைக்கு மைக் கரகரவென்று இருந்தது, அதனால் "இன்னொரு தரம்" என்றார்கள். இந்த "இன்னொரு தரம்" எனக்கு 20 வருடமாக மறக்கவில்லை. அம்மா பெண்கள் ஐக்கியத்துக்கு அதற்கப்புறம் போகவே இல்லை. அக்கா எந்தக் கோயிலுக்குள்ளும் போவதில்லை. அதே வருடம் வரதட்சணை வாங்கிக் கல்யாணம் செய்த இரண்டு பையன்களுக்குச் சபையில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசித்து, பூச்செண்டு கொடுத்து, ஆமென் சொன்னார்கள்.

டீச்சர், ஒன்றை மட்டும் உடனே கவனியுங்கள். ரம்மிக் கடனில் உயிரை விட்டவர்கள் செய்தி நம் ஊர்ப் பேப்பரில் எத்தனை பார்த்துவிட்டோம், 2022-ல் தமிழ்நாடு அரசு தடைச்சட்டம் கொண்டுவந்ததே அதனால்தான். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டது, அது தனிக் கதை. அந்தப் பையன் இப்போது தனியாக இருக்கிறானா? கடன் ஆப்காரர்கள் மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் கொடுக்கலாம். மனசு சரியில்லை என்றால் 14416 அல்லது 104, எந்த நேரமும் எடுப்பார்கள். சென்னையிலேயே 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்கான சினேகா அமைப்பு இருக்கிறது. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் இது.

---

ஓய்வுபெற்ற ஆயர்:

டீச்சரம்மா, 34 வருடம் ஊழியத்தில் இருந்தேன், அதில் 13 வருடம் சென்னையில். ஒரு கேள்வி கேட்டுவிட்டு அப்புறம் பேசுகிறேன். அந்தத் தம்பியிடம் இதுவரை தனியாகப் போய்ப் பேசியவர் யார்?

---

அயனாவரம் டீச்சர்:

யாரும் இல்லை ஐயா. செயலாளர் கமிட்டி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, பையன் கடையில் நின்றுகொண்டிருக்கும்போது தன்னைப் பற்றித் தானே படித்திருக்கிறான். நானும் போகவில்லை.

---

ஓய்வுபெற்ற ஆயர்:

அப்படியானால் நீங்கள் மூன்றாம் படியிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். மத்தேயு 18-இல் முதல் படி "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்றுதான் இருக்கிறது. கேட்காவிட்டால் இரண்டொரு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அப்புறம்தான் சபை. நம் ஆட்கள் சபையில் தொடங்கி, வாட்ஸ்அப்பில் முடிக்கிறார்கள். அந்தப் பகுதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். அதற்கு நேர் முன்னால் காணாமற்போன ஆடு. நேர் பின்னால் பேதுரு வந்து எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்கிறார். நடுவில் வைத்ததைத் தனியே உருவி எடுத்துச் சட்டமாக்கிவிடுகிறோம்.

ரசீது புத்தகம் தம்பி காட்டிய வசனம் சரிதான். ஆனால் ஒரு வசனம் மேலே போங்கள். 19-ஆம் வசனம் மூப்பரைப் பற்றியது. மூப்பன் மேல் குற்றச்சாட்டு வந்தால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும், நிரூபணமானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று பவுல் சொல்வது பொறுப்பில் இருக்கிற பெரியவர்களை. 21-இல் "பட்சபாதத்தோடே ஒன்றும் செய்யாமலும்" என்று சேர்த்துச் சொல்கிறார். உங்கள் சபையில் இந்த வசனத்துக்கு முதலில் உரியவர் ஆடு வேஷம் போட்ட பையன் இல்லை. மண்டப வாடகைக்காரர்.

அடுத்து, திருவிருந்தை நிறுத்துவது. அது கமிட்டி கை தூக்கி முடிவு செய்கிற விஷயம் இல்லை, ஆயரும் பேராயரும் பார்க்க வேண்டியது. 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. நான் குருத்துவப் படிப்பில் அதைச் சலிப்போடு படித்தேன், பிற்பாடுதான் அருமை தெரிந்தது. ஊரறிந்த குற்றவாளியைக் குரு முதலில் கூப்பிட்டுப் பேச வேண்டும், மனந்திரும்பியதைக் காட்டும்வரைதான் நிறுத்தி வைக்க வேண்டும், நிறுத்தினால் 14 நாளுக்குள் பேராயருக்குக் காரணம் எழுத வேண்டும். இவ்வளவு சின்ன இடத்தில் குருவுக்கும் கடிவாளம் போட்டிருக்கிறார்கள்! இன்னும் இருக்கிறது. பகை வைத்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர் மனதார மன்னித்து, மற்றவர் முறைத்துக்கொண்டே இருந்தால், மன்னித்தவரைத் திருவிருந்துக்குச் சேர்த்துக்கொள், முறைக்கிறவரை நிறுத்து என்கிறது. இந்தப் பகுதியை நான் ஊழியம் செய்த எந்தக் கமிட்டியிலும் யாரும் எனக்கு எடுத்துக்காட்டியது கிடையாது.

பணம் திரும்பி வர வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. எண்ணாகமம் 5:7, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தானோ அவனுக்கு. வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனை என்றான், அது அவனாகச் சொன்னது, யாரும் விதிக்கவில்லை. பிறகு கொரிந்து சபை. ஒருவனைத் தண்டித்தது போதும், "அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு" மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று பவுல் எழுதுகிறார். முதல் நிருபத்தில் நீக்கச் சொன்ன அதே ஆளா, வேறு ஆளா என்பதில் பண்டிதர்களுக்குள் இரண்டு கருத்து உண்டு. யாராக இருந்தாலும் தண்டனைக்கு ஒரு முடிவு தேதி இருந்தது.

ஒரு பழைய சங்கதி. 1742-இல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி பெப்ரீஷியஸ் ஐயர் தமிழ் வேதாகமத்தைத் திரும்ப மொழிபெயர்த்தவர், அகராதி போட்டவர், ஞானப்பாட்டுகள் தந்தவர். ஏறக்குறைய ஐம்பது வருடம் இந்த ஊரில் உழைத்தார். மற்றவர்கள் நம்பி ஒப்படைத்த பணத்தை வட்டிக்கு விட்டார், வாங்கினவர்கள் திருப்பவில்லை, கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறைக்கும் போனார். 1791-இல் இங்கேயே மரித்தார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பலருடைய பணம் போனது போனதுதான். அதற்காக யாராவது அவர் அகராதியைக் கிழித்துப்போட்டார்களா?

---

ரசீது புத்தகம்:

ஆயர் ஐயா, 19-ஆம் வசனத்தை நான் பார்க்காமல் விட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். வேளச்சேரி அக்கா சொன்னதைப் படித்துவிட்டு மதியச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. ஆனாலும் பூசி மெழுகக் கூடாது என்பதில் நான் அப்படியேதான் நிற்கிறேன். பெயரை வாசிக்காவிட்டாலும் தொகையை வாசியுங்கள். இவ்வளவு குறைந்தது, இன்ன தேதிக்குள் திரும்ப வரும் என்று சபைக்குச் சொல்லாவிட்டால் 42,000 வெளியே போய் நாலு லட்சமாகத் திரும்பி வரும்.

---

காசிமேட்டுக்காரன்:

ஆயர் ஐயா மத்தேயுவைச் சொன்னார், நான் கலாத்தியர் 6:1 சொல்கிறேன். குற்றத்தில் அகப்பட்டவனைச் "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று இருக்கிறதல்லவா, கிரேக்கத்தில் அதற்கு இருக்கும் வினைச்சொல்தான் மாற்கு 1:19-இல் யாக்கோபும் யோவானும் படகில் வலையைப் பழுதுபார்த்தார்கள் என்கிற இடத்திலும் வருகிறது. சாயங்கால பைபிள் வகுப்பில் இதைக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். ஏனென்றால் என் அப்பா துறைமுகத்தில் வலை சரிபார்க்கிறவர்.

அது எப்படி நடக்கும் தெரியுமா? வலை கடலில் கிடக்கும்போது யாரும் கிழிசலில் கை வைப்பதில்லை. கரைக்கு இழுத்துவந்து, நிழல் பார்த்து உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் ஒரு முனையை மாட்டி விறைப்பாகப் பிடித்துக்கொள்வார். முதல் வேலை தைப்பது இல்லை, வெட்டுவது. கிழிந்த இடத்தைச் சுற்றி அறுந்து தொங்கும் நூலையெல்லாம் கத்தியால் எடுத்துவிடுவார். எடுக்காமல் பின்னினால் முடிச்சு நிற்காது, அடுத்த தரம் மீன் பாரத்தில் அங்கேயே பிய்யும். ஆனால் நல்ல கண்ணி வந்ததும் கத்தி நின்றுவிட வேண்டும். சின்ன வயதில் நான் உற்சாகத்தில் நல்ல கண்ணியிலும் நாலைந்து சேர்த்து வெட்டிவிட்டேன். அப்பா வலை ஊசியாலேயே மண்டையில் ஒன்று போட்டு, "வலையைச் சரி பண்ண வந்தியா, ஓட்டையைப் பெருசு பண்ண வந்தியா?" என்றார்.

டீச்சர், பையன் பணம் தொடுவதை வெட்டுங்கள். க்யூஆரை வெட்டுங்கள். பொருளாளர் பதவியை வெட்டுங்கள். திருவிருந்து எந்தக் கண்ணி என்று ஆயரிடம் கேட்டுவிட்டுக் கத்தியை எடுங்கள்.

---

அயனாவரம் டீச்சர் (பத்து நாள் கழித்து):

எல்லாருக்கும் பதில் போடத் தாமதமாகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆயர் ஐயா கேட்ட கேள்வி ராத்திரி முழுக்க உறுத்தியது. வியாழக்கிழமை ஸ்கூல் விட்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன். தையல் மெஷின் சத்தம் வாசல்வரை கேட்டது. என்னைப் பார்த்ததும் அவன் அம்மா மிதிப்பதை நிறுத்திவிட்டார். அந்தச் சத்தம் நின்றதில் கட்டிலில் படுத்திருந்த அப்பா, என்னமோ ஆகிவிட்டது என்று தலையைத் திருப்பினார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்று முதலில் என் தப்பைச் சொன்னேன். "அக்டோபரில் நீ கேட்டபோது உன் போன் நாலு தரம் அடித்தது, நான் பார்த்தேன், கேட்கவில்லை" என்றேன். அவன் அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. போனைத் திறந்து காட்டினான். ஏழு ஆப். மொத்தம் 1,90,000-க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஆப்காரன் இவன் போட்டோவை ஏதோ அசிங்கமான படத்தில் ஒட்டி, போனில் இருந்த எல்லா நம்பருக்கும் அனுப்பப்போவதாக மிரட்டியிருக்கிறான். கேரல்ஸ் பணம் போனது அங்கேதான். "டீச்சர், அந்த லிஸ்டில் உங்க நம்பரும் இருந்துச்சு" என்றான். வேளச்சேரி அக்கா, 1930-க்கு அங்கேயே மாடியில் நின்று அடித்தோம். மற்ற நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். அவன் ஒரு முறை கூப்பிட்டதாகச் சொன்னான், என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. இந்த முறை கேட்காமல் இருந்தது சரி என்றுதான் தோன்றுகிறது.

சனிக்கிழமைக் கூட்டம் இரண்டே முக்கால் மணி நேரம். பெயரை வாசிக்க மாட்டேன் என்று எழுந்து சொன்னேன், கை நடுங்கியது, தம்ளரைப் பிடித்துக்கொண்டேன். ரசீது புத்தகம் தம்பி சொன்ன "யாருடைய பணத்தில் அன்பு" என்பதை அப்படியே சொன்னேன், மன்னியுங்கள், என் வார்த்தை மாதிரிதான் சொன்னேன். 26 பேரிடமும் அவனே நேரில் போய்ச் சொல்ல வேண்டும், மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம் என்றேன். இது எளிது என்று ஒருவர் சிரித்தார். 26 வீட்டுப் படி ஏறிப் பாருங்கள் என்றேன்.

முடிவானது இது: முதல் 42,000, அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு 8,400. மாதம் 3,600 வீதம் 14 மாதம். அந்த ஐந்தில் ஒரு பங்கைக் கமிட்டி கேட்கவில்லை, நான் எண்ணாகமத்தைச் சொன்னபோது எங்கள் சபை ஆயர் அவனையே கேட்டார், அவன் தலையாட்டினான். பெரியப்பா பணம் வேண்டாம் என்றாகிவிட்டது. மூன்று வருடம் எந்தப் பணப் பொறுப்பும் கிடையாது. கொயருக்கு ஈஸ்டர் வரை வேண்டாம், ஏப்ரல் 5 அன்று பாடலாம். திருவிருந்தை நிறுத்தவில்லை. ஆயர் அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். தொகையை ஞாயிற்றுக்கிழமை பெயரில்லாமல் வாசித்தார்கள். எல்லாருக்கும் யார் என்று தெரியும், அதற்கு என்ன செய்வது.

மண்டப வாடகையையும் எடுத்தேன். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். செயலாளர் டீயை ஆறவிட்டு, பிறகு ஆறிப்போன டீயையே குடித்தார். "அது முடிந்த விஷயம்" என்றார்கள். எனக்கு முடியவில்லை. மினிட்ஸில் எழுதச் சொன்னேன், எழுதினார்களா என்று அடுத்த கூட்டத்தில்தான் தெரியும். அந்தப் பெரியவர் போன ஞாயிறு எனக்குத் தோத்திரம் சொல்லவில்லை. நான் சொன்னேன். ஜெபப்புத்தகத்தின் அந்தக் குறிப்பு ஞாபகம் வந்து கொஞ்சம் சிரிப்பும் வந்தது. எங்கள் இரண்டு பேரில் யார் முறைக்கிறோம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாததால் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

குறைந்த ஐந்து கிலோ அரிசியைப் பொது நிதியில் வாங்கி அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறோம். இதுவரை ஒன்பது வீடு ஆகியிருக்கிறது. ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை, இன்னொரு தரம் போகிறான். ஆச்சி வீட்டுக்கு நானும் கூடப் போனேன், படிக்கட்டிலேயே நின்றேன். அவன் சொல்லி முடிக்கும்வரை ஆச்சி பேசவில்லை. பிறகு பையைத் தூக்கிப் பார்த்தார். "அஞ்சு கிலோவா இது? கீழே நாடார் கடையில போட்டுட்டு வா" என்றார். போய் எடை போட்டு வந்தான். சரியாக இருந்தது. அதற்கப்புறம்தான் அவனை உள்ளே உட்காரச் சொல்லி, ஸ்டவ்வைப் பற்ற வைத்தார்.